மண்ணுக்கும் பசை வேணும்

(பொன்னமராவதி வட்டார மகளிர் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் குழு உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவள். வீட்டு வேலை, ரெண்டு மாடு, 50 சென்ட் மானாவாரிச் செம்மண் நிலம், ரெண்டு பிள்ளைகள். இதுதான் என் உலகம். மைக் முன்னால நிக்கிறது இதுதான் முதல் தடவை. என்னை "மண் வளம்" பத்திப் பேசச் சொன்னாங்க. எனக்குப் பெரிசா ஒண்ணும் தெரியாது. நான் செஞ்ச ஒரு தப்பும், அதுல இருந்து கத்துக்கிட்டதும்தான் தெரியும். அதைச் சொல்றேன்.

முதல்ல மேசை மேல இருக்கிற இந்த ரெண்டு கண்ணாடி டம்ளரைப் பாருங்க. ரெண்டுலயும் தண்ணி இருக்கு. என் கையில ரெண்டு மண்கட்டி இருக்கு. ரெண்டும் எங்க கொல்லை மண்ணுதான், நல்லாக் காய வச்சது. இதை இந்த டம்ளர்ல மெதுவா விடுறேன். அதை அந்த டம்ளர்ல விடுறேன். நான் பேசி முடிக்கிற வரைக்கும் அது அப்படியே இருக்கட்டும். கடைசியில பாப்போம்.

நம்ம பொன்னமராவதிப் பக்கத்துச் செம்மண்ணைப் பத்தி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உழுது போட்டா பொலபொலனு அழகா இருக்கும். கடலை போட்ட மறுநாள் ஒரு கனத்த மழை பேஞ்சு, அதுக்கப்புறம் ரெண்டு நாள் வெயில் அடிச்சா போதும். மேல ஒரு பொருக்குத் தட்டிப்போகும். அப்பளம் மாதிரி. உள்ளே முளை வந்திருக்கும், ஆனா மண்ணை முட்டிக்கிட்டு மேல வர முடியாது. பொருக்கை விலக்கிப் பாத்தா முளை வளைஞ்சு கிடக்கும். அதைப் பாக்கும்போது வயித்தைப் பிசையும்.

ஏன் இப்படி ஆகுதுன்னு ஒரு பயிற்சியில சொன்னாங்க. மண்ணுங்கிறது தூள் இல்லையாம். நல்ல மண்ணு சின்னச் சின்னக் குருணையா இருக்கணும். புட்டு மாவு பிசைஞ்சா எப்படி உதிரி உதிரியா, ஆனா பிடிச்சாப் பிடிபடுற மாதிரி இருக்கும்? அந்தப் பதம். குருணைக்கும் குருணைக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியிலதான் காத்தும் தண்ணியும் போகும். குருணையைச் சேத்துப் பிடிக்க ஒரு பசை வேணும். பசை இல்லாத மண்ணுல மழைத்துளி விழுந்தா குருணை உடைஞ்சு மாவாகும். அந்த மாவு மண்ணோட வாயை அடைச்சிரும். காஞ்சதும் பொருக்கு.

பசைன்னா கடையில வாங்குற பசை இல்லை. நம்ம வீட்டுலயே இருக்கிற பசைதான். சோத்துக் கஞ்சியில பருத்திப் புடவையை முக்கி எடுத்தா விறைப்பா நிக்குதுல்ல? வாசல்ல சாணி மெழுகினா தரையில புழுதி பறக்குறதில்லையே, ஏன்? சாணியில இருக்கிற நாரும் பசையும் மண்ணைப் பிடிச்சு வச்சிருக்கு. பக்கத்துச் செட்டிநாட்டு வீடுகள்ல சுண்ணாம்புச் சாந்துல கடுக்காயும் கருப்பட்டியும் சேத்து அரைச்சுப் பூசுனாங்கன்னு சொல்லுவாங்க. ராத்திரி ஒரு துண்டு பாதாம் பிசினை ஊறப் போட்டா காலையில கிண்ணம் நிறைஞ்சு நிக்கும். வெந்தயம் ஊறினா வழவழன்னு ஆகும். இதுல பலதும் ஒரே சாதிப் பொருள்.

இதுக்குப் பயோபாலிமர்னு பேர் சொன்னாங்க, தமிழ்ல உயிர்ப் பலபடின்னு. பேரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். தனி மல்லிகை மொட்டைக் கையில வச்சா உருண்டு ஓடும். நார்ல தொடுத்தா சரம். அது மாதிரி சர்க்கரைத் துணுக்குகள் நீளச் சரமாக் கோத்துக்கிட்டா அரிசியில இருக்கிற மாவுச்சத்து. அதே துணுக்கை வேற மாதிரி கோத்தா வைக்கோல்லயும் பஞ்சுலயும் இருக்கிற செல்லுலோஸ். செடி, மரம், கடல்பாசி, மாட்டுச் சாணி எல்லாத்துலயும் இந்தச் சரங்கள் இருக்கு. மண்ணுல இருக்கிற நுண்ணுயிர்கள் இதைத் தின்னுட்டு, தானும் ஒரு பிசினைக் கக்கும். அந்தப் பிசின்தான் மண் குருணையைப் பிடிக்குது.

இன்னொரு சேதி. வேருக்குள்ள வாழுற ஒரு வகைப் பூஞ்சை மண்ணுல விட்டுப் போற பசையை 1996-ல கண்டுபிடிச்சுச் சொன்னது அமெரிக்க வேளாண் துறையில வேலை பாத்த சாரா ரைட்ங்கிற பெண் விஞ்ஞானி. அதுக்குக் குளோமாலின்னு பேரு வச்சாங்க. காலங்காலமா மண்ணைத் தொட்டு வேலை செய்றது நம்ம பொம்பளைங்க. மண்ணுக்குள்ள இருக்கிற பசையைக் கண்டுபிடிச்சதும் ஒரு பொம்பளை. எனக்கு அது பெருமையா இருந்துச்சு.

இப்ப என் தப்புக்கு வர்றேன்.

அந்தப் பயிற்சி முடிஞ்சு வந்ததும் எனக்குத் தலைகால் புரியல. பசை உள்ள பொருள், தண்ணியைப் பிடிக்கிற பொருள் எது கிடைக்கும்னு யோசிச்சேன். நமக்குப் பக்கத்துல சிங்கம்புணரி இருக்கு. கயிறு மில்லுகளுக்குப் பேர் போன ஊர். தேங்காய் மட்டையில நாரை உரிச்சப்புறம் விழுற தூளு, நம்ம தென்னை நார்க்கழிவுன்னு சொல்றோமே, அது மலை மலையாக் குவிஞ்சு கிடக்கும். தன் எடையைப் போல அஞ்சு மடங்குக்கும் மேல தண்ணியைக் குடிச்சு வச்சுக்கும். அதுல செல்லுலோஸும் லிக்னின்ங்கிற கெட்டிப் பொருளும் இருக்கு. இதைவிட வேறென்ன வேணும்னு நெனச்சேன். பயிற்சியில மக்க வைக்கச் சொன்னதைக் காதுல வாங்கினேன், மனசுல வாங்கல. ஆடி மாசம் தலைக்கு மேல இருந்துச்சு. மக்க வைக்க ரெண்டு மாசம் யார் காத்திருக்கிறது?

குழுவுல 15,000 ரூபாய் உள்கடன் வாங்கினேன். டிராக்டர்ல பச்சைத் தூளை அடிச்சு 50 சென்ட் முழுக்கப் பரப்பி உழுதேன். வீட்டுக்காரர், "இது என்னடி மரத்தூளைப் போய் நிலத்துல கொட்டுற"ன்னு கேட்டாரு. "உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, நான் பயிற்சிக்குப் போயிட்டு வந்தவ"ன்னு சொன்னேன். அடுத்த குழுக் கூட்டத்துல எல்லார்கிட்டயும் பெருமையா வேற சொன்னேன்.

முளைப்பு நல்லா இருந்துச்சு. பொருக்குத் தட்டல. இருபது நாள்ல செடி வெளுக்க ஆரம்பிச்சுது. ஒரு மாசத்துல கொல்லையே மஞ்சள் பூத்துச்சு. செடி சாண் உயரத்தைத் தாண்டல. வழக்கமா அஞ்சு மூட்டை கடலை எடுக்குற இடத்துல ரெண்டு மூட்டை எடுத்தேன். தவணை கட்டக் காசில்லை. தோட்டை அடகு வச்சுத்தான் கட்டினேன்.

தப்பு என்னன்னா, பச்சை நார்க்கழிவுல கரிமச்சத்து ரொம்ப ஜாஸ்தி, தழைச்சத்து ரொம்பக் கம்மி. 112 பங்குக்கு 1 பங்கு. அதைச் செரிக்க வர்ற நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து வேணும். தூளுல இல்லைன்னதும் மண்ணுல இருக்கிறதை எடுத்துக்கும். விருந்தாளிகளைக் கூட்டமா அழைச்சிட்டு உலை வைக்காம விட்டா என்ன ஆகும்? நம்ம பிள்ளைகளுக்கு வச்ச சோத்தை அவங்க சாப்பிட்டுப் போயிருவாங்க. என் கடலைச்செடி பசியில வெளுத்துச்சு. அதே தூளை மக்க வச்சா அந்தக் கணக்கு 24-க்கு 1-ன்னு இறங்கிரும். அப்புறம் பயிரோட சாப்பாட்டுக்கு அது போட்டி போடாது.

ஆனா என் பெரிய தப்பு இது இல்லை அக்கா. அடுத்த கூட்டத்துல "ஏம்மா கடலை போச்சு"ன்னு கேட்டாங்க. நான் "மழை சரியில்லை"ன்னு சொல்லிட்டேன். பெருமையாப் பேசினவ, எப்படித் தப்பை ஒத்துக்கிறது? வெக்கம். அந்த வெக்கத்துக்கு விலை வேற ஒருத்தி கொடுத்தா. எங்க குழுவுல ஒரு தங்கச்சி, நான் முதல்ல சொன்ன பெருமையை நம்பி, அடுத்த பட்டத்துல அதே பச்சைத் தூளைத் தன் கொல்லையில அடிச்சிட்டா. எனக்கு அது தெரிஞ்சப்ப அவ விதைச்சு முடிச்சிருந்தா. அவ கொல்லையும் மஞ்சளாச்சு. அவ வீட்டுக்காரர் வெளிநாட்டுல இருக்காரு, மாமியாருக்கு அவதான் பதில் சொல்லணும். நான் போய் அவ முன்னால நின்னு, "மழை இல்லடி, என் அவசரம்தான்"னு சொன்னேன். அவ கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் "போன வருசமே சொல்லியிருக்கலாமேக்கா"ன்னு மட்டும் சொன்னா. அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இன்னைக்கு இந்த மைக் முன்னால நிக்கிறேன்.

அதுக்கப்புறம் நாங்க ரெண்டு பேரும் சேந்து வம்பன் வேளாண் அறிவியல் நிலையத்துல விசாரிச்சு, தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் சொல்ற முறைப்படி மக்க வச்சோம். எழுதிக்கிறவங்க எழுதிக்கோங்க.

ஒரு டன் நார்க்கழிவுக்கு 5 கிலோ யூரியா, சிப்பிக் காளான் வித்து 5 பாட்டில். வித்துன்னா நாம சமைக்கிற காளானோட விதைதான், புளூரோட்டஸ்னு கேட்டாத் தருவாங்க. நிழல் உள்ள மேட்டு இடமாப் பாத்து 5 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம் அளந்துக்கணும். முதல்ல 100 கிலோ தூளைப் பரப்பி, அது மேல ஒரு பாட்டில் வித்தைத் தூவணும். அடுத்து 100 கிலோ தூள், அது மேல ஒரு கிலோ யூரியா. அடுத்து வித்து, அடுத்து யூரியா. இப்படி மாத்தி மாத்திப் பத்து அடுக்கு. ஒரு மீட்டர் உயரத்துக்கு வரும். யூரியா வேண்டாங்கிறவங்க கோழி எருவைப் பயன்படுத்தலாம்.

தினமும் தண்ணி தெளிக்கணும். ஈரம் எவ்வளவு? கையில எடுத்துப் பிழிஞ்சா விரல் இடுக்குல ஈரம் தெரியணும், சொட்டக் கூடாது. ரெண்டு மாசம் ஆகும். செம்பட்டையா இருந்த தூளு கறுப்பாகும், குவியல் இறங்கும், மக்கின வாசனை வரும். அப்பத்தான் நிலத்துக்குப் போகணும். ஆடிக்கு வேணும்னா வைகாசிக்கு முன்னாலயே குவியல் போட்டிரணும். அதுதான் நான் காசு கொடுத்துப் படிச்ச பாடம்.

இன்னொண்ணு, தூள் வாங்கும்போது மில்லுல ரொம்ப நாள் மழையில நனைஞ்சு கிடந்த பழைய குவியலாக் கேளுங்க. புதுத் தூளுல உப்பு இருக்கும். நாக்குல வச்சுப் பாத்தா கரிக்கும். கரிச்சா நல்ல தண்ணி விட்டு அலசி வடிய விடணும்.

அளவு, ஏக்கருக்கு 5 டன். செண்டுக்கு 50 கிலோன்னு வச்சுக்கலாம். பொருக்குத் தட்டுற செம்மண்ணுக்கு இதைச் சொல்றாங்க. அது இல்லைன்னா தொழுவுரம் ஏக்கருக்கு 4 டன். கையில எது இருக்கோ அது.

இந்த முறை நான் ஒரு காரியம் செஞ்சேன். 50 சென்ட்ல 30 சென்ட்டுக்கு மட்டும் மக்கின எருவைப் போட்டேன். 20 சென்ட்டை வழக்கம் போல விட்டேன். ரெண்டுக்கும் ஒரே விதை, ஒரே நாள் விதைப்பு, ஒரே அளவு ஜிப்சம். ஏன்னா நல்லா விளைஞ்சா "மழையாலதான்"னு சொல்றவங்களும் இருப்பாங்க, கெட்டுப்போனா "மழையாலதான்"னு சொல்ற என்னை மாதிரி ஆளும் இருப்பாங்க. பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா யாரும் பொய் சொல்ல முடியாது.

முதல் மழையிலயே தெரிஞ்சுது. 20 சென்ட்ல பொருக்கு, களைக்கொத்தால தட்டி உடைச்சேன். 30 சென்ட்ல உடைக்க வேண்டியிருக்கல. பன்னிரண்டு நாள் மழை இல்லாம இருந்தப்ப இந்தப் பக்கம் செடி மத்தியானத்துலயே வாடுச்சு, அந்தப் பக்கம் சாயங்காலம்தான் வாடுச்சு. கடலையில பூ விழுந்து விழுது மண்ணுக்குள்ள இறங்கணும் பாருங்க, அங்கதான் பெரிய வித்தியாசம். இளகின மண்ணுல விழுது சுகமா இறங்குச்சு. பறிக்கும்போது செடியைப் பிடிச்சு இழுத்தா கொத்தோட வந்துச்சு. கெட்டி மண்ணுல பாதிக் கடலை அறுந்து உள்ளேயே நின்னுச்சு. அதைக் கொத்தித் தோண்டி எடுக்கிறதுக்குள்ள இடுப்பு விட்டுப்போச்சு.

கணக்கு இதுதான். எரு போடாத 20 சென்ட்ல ரெண்டு மூட்டை. எரு போட்ட 30 சென்ட்ல நாலரை மூட்டை. பத்து சென்ட்டுக்கு ஒரு மூட்டை எங்கே, ஒண்ணரை மூட்டை எங்கே! ஆனா உண்மையைச் சொல்லணும். தூளு விலையும் வண்டி வாடகையும் கழிச்சா முதல் வருசம் கையில நின்னது கொஞ்சம்தான். அடுத்த வருசம் புதுசா எரு போடாமலே அந்த 30 சென்ட் இளக்கமா இருந்துச்சு, லிக்னின் மெதுவாத்தான் மக்கும்ங்கிறதால. அந்த வருசம்தான் தோட்டைத் திருப்பினேன். இதோ காதுல கிடக்கு, பாத்துக்கோங்க.

நார்க்கழிவு கிடைக்காத ஊர்க்காரங்க மனசு விட வேண்டாம். தக்கைப்பூண்டு, சணப்பு விதைச்சுப் பூக்கிற சமயத்துல மடக்கி உழுதாலும் மண்ணுக்கு அதே பசைதான். கண்மாய் வண்டல் அடிச்சா மணல் பாங்கான நிலத்துல ஈரம் நிக்கும். உளுந்துச் செடியைப் பறிச்சுட்டு வேலி ஓரம் எரிக்கிறோமே, அது எல்லாம் பசைதான் அக்கா. நெருப்பு வச்சா சாம்பல், மக்க வச்சா மண்ணு.

கடல் பக்கமும் இதே கதைதான். ராமநாதபுரம் மாவட்டத்துல மண்டபம், பாம்பன் பக்கம் நம்மளை மாதிரி குழுப் பெண்கள் மூங்கில் மிதவையில கயிறு கட்டிக் கப்பாபைகஸ்ங்கிற பாசியை வளக்கிறாங்க. 45 நாள்ல அறுவடை. அந்தப் பாசியைப் பிழிஞ்ச சாறு பயிருக்குத் தெளிக்கிற உரமாகுது. மிச்சத்துல இருந்து கராஜீனன்ங்கிற பசையை எடுக்கிறாங்க, அது ஐஸ்கிரீம்ல கூடச் சேருதாம். அங்க கஞ்சிப்பாசின்னே ஒரு பாசிக்குப் பேரு இருக்கு. பேருலயே கஞ்சி! டெல்லியில இருக்கிற இந்திய வேளாண் ஆராய்ச்சி நிலையம் செல்லுலோஸை அடிப்படையா வச்சுப் பூசா ஹைட்ரோஜெல்னு ஒரு குருணை செஞ்சிருக்கு. பாதாம் பிசின் மாதிரி, தன் எடையைப் போல 300 மடங்குக்கு மேல தண்ணியை உறிஞ்சி வச்சுக்கிட்டு வேர் கேக்கும்போது கொடுக்குமாம். நான் அதைப் போட்டுப் பாக்கல. என் மாட்டுக் கொட்டகையில இருக்கிறதையும் சிங்கம்புணரியில கிடைக்கிறதையும் முதல்ல ஒழுங்காப் பயன்படுத்துவோம்னு இருக்கேன்.

கூட்டமைப்புக்கு ஒரு கோரிக்கை வைக்கிறேன். தனி ஆளா ரெண்டு டன் தூளு கொண்டு வந்தா வண்டி வாடகை கட்டுபடியாகாது. அஞ்சு குழு சேந்து ஒரு லாரி எடுத்து, ஊராட்சிப் பொது இடத்துல நிழல் பாத்து ஒரு குவியல் போட்டா, செலவு பகிர்ந்து போகும். தண்ணி தெளிக்கிற வேலையையும் முறை வச்சுக்கலாம். மிச்ச எருவை வித்தா குழுவுக்கு வருமானம். உள்கடன் கொடுக்கும்போது ஆடி மாசம் கொடுக்காம, சித்திரையிலயே கொடுங்க. என்னை மாதிரி யாரும் அவசரப்பட மாட்டாங்க.

எங்க அம்மா, 1990-கள்ல அறிவொளி இயக்கம் நம்ம புதுக்கோட்டை மாவட்டத்துல வந்தப்ப சைக்கிள் ஓட்டக் கத்துக்கிட்டவங்க. "எத்தனை தடவை விழுந்தீங்கம்மா"ன்னு நான் சின்ன வயசுல கேட்டிருக்கேன். "அது எண்ணல. ஆனா விழுந்ததை எல்லாருகிட்டயும் சொன்னோம், அதனாலதான் அடுத்தவ அந்தக் குழியில விழல"ன்னு சொன்னாங்க. அன்னைக்கு அது எனக்குப் புரியல.

இப்ப டம்ளரைப் பாருங்க. இந்தக் கட்டி கரைஞ்சு தண்ணி செக்கச்செவேல்னு ஆயிருச்சு, அடியில சேறு. இது எரு போடாத 20 சென்ட் மண்ணு. அந்தக் கட்டி இன்னும் அப்படியே உட்காந்திருக்கு, தண்ணி தெளிவா இருக்கு. அது 30 சென்ட் மண்ணு. ஒரே கொல்லை, நடுவுல ஒரு வரப்பு கூடக் கிடையாது. வீட்டுக்குப் போனதும் உங்க கொல்லையில ஒரு கட்டியும், வேலி ஓரம் மரத்தடியில ஒரு கட்டியும் எடுத்துக் காய வச்சு இப்படிப் போட்டுப் பாருங்க. காசு செலவில்லை. மண்ணே உங்களுக்குச் சொல்லும்.

நம்ம குழுவும் அப்படித்தான். ஆளுக்கு ஒரு பக்கம் உதிர்ந்து கிடந்தோம்னா ஒரு மழைக்குத் தாங்க மாட்டோம். நல்லதைச் சொல்றது மட்டும் இல்லாம, கெட்டுப்போனதையும் ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிட்டாத்தான் ஒட்டி நிப்போம். அந்தத் தங்கச்சி இதோ முன் வரிசையிலதான் உட்காந்திருக்கா. இந்த வருசம் எங்க ரெண்டு பேர் குவியலும் ஒரே இடத்துலதான் மக்கிக்கிட்டு இருக்கு.